முன்புத்தியும் பின்புத்தியும்

"பெண்புத்தி பின்புத்தி" என்னும் பழமொழியைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப்பெண் எவளேனும் உண்டோ? அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தால் இந்தப் பழமொழி. தேர்வு நாளன்று நுழைவுச் சீட்டை மறந்துவிட்டுப் போனால் இந்தப் பழமொழி. அண்ணனோ தம்பியோ அதையே மறந்துவிட்டுப் போனால், "பாவம், என்ன நினைவிலோ!" என்று ஒரு பெருமூச்சு, அத்தோடு சரி. சென்ற ஆண்டு இலக்கிய மன்றத்தில் இதே பழமொழியை வைத்துப் பட்டிமன்றம் நடந்தபோது, "பின்னால் வரப்போவதை முன்னரே அறியும் புத்தி என்பதே அதன் பொருள்" என்று நாம் முழங்கினோம். கைதட்டலும் பெற்றோம். ஆனால் கைதட்டல் ஓய்ந்து வீடு திரும்பும் வழியில், நாம் சொன்னது சொற்சிலம்பமே தவிர உண்மையான விடையன்று என்று நமக்கே தோன்றியது.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். மேல்நிலை முதலாண்டில் எந்தப் பிரிவை எடுப்பது? கணக்கா, உயிரியலா, வணிகவியலா? நம்முள் ஒருத்திக்கு அவளுடைய சித்தப்பா வெளியூரிலிருந்து தொலைபேசியில் முடிவு சொன்னார். இன்னொருத்திக்கு அண்ணன் படித்த புத்தகங்கள் வீட்டில் இருந்தன. புத்தகங்கள் வீணாகக் கூடாது என்பதற்காக அதே பிரிவு. மற்றொருத்தியின் பாட்டி மூன்று துண்டுத் தாள்களில் எழுதிச் சுருட்டித் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்துவிட்டார்! "தாமாகவே முடிவு செய்தவர்கள் கை தூக்குங்கள்" என்று வகுப்பில் கேட்டபோது உயர்ந்த கைகள் மிகச் சிலவே. அவற்றிலும் இரண்டு கைகள், "என் தோழி எடுத்தாள், அதனால் நானும் எடுத்தேன்" என்று பிறகு மெல்லக் கீழிறங்கின.

ஏன் இந்நிலை? பெரியவர்கள் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்று, "நீ உணர்ச்சிவசப்படுகிறவள்." மற்றொன்று, "இந்த வயதில் உனக்கு என்ன தெரியும்?" இவ்விரண்டு கூற்றுகளும் எவ்வளவு தூரம் உண்மை என்பதை, மூளையை ஆராயும் அறிஞர்கள் கண்டறிந்துள்ள செய்திகளின் துணைகொண்டு எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டு பாதகமானதை மறைக்கப் போவதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

இரண்டு பானைகள்

முதலில், "தெரியாது" என்ற சொல்லுக்கே இரண்டு பொருள்கள் உண்டு. 1961ஆம் ஆண்டில் டானியல் எல்ஸ்பர்க் என்னும் அமெரிக்கர் இதை ஓர் எளிய கற்பனையால் விளக்கினார். நம் முன்னே இரண்டு பானைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 100 பந்துகள். முதற்பானையில் சிவப்பு 50, கறுப்பு 50 என்று நமக்குத் தெரியும். இரண்டாம் பானையில் எத்தனை சிவப்பு, எத்தனை கறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். நாம் விரும்பிச் சொன்ன நிறம் வந்தால் பரிசு. எந்தப் பானையில் கை விடுவோம்? பெரும்பாலோர் முதற்பானையையே நாடுவர். இரண்டாம் பானையில் நம் நிறம் மிகுதியாகவே இருக்கலாமே என்று எவ்வளவு சொன்னாலும் மனம் ஒப்புவதில்லை. தெரிந்த அபாயத்தை ஏற்கும் மனம், தெரியாத அபாயத்தைக் கண்டு பின்வாங்குகிறது.

2005ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலும் அயோவாவிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள், மக்கள் இத்தகைய இரு வகைத் தேர்வுகளைச் செய்யும்போது அவர்களுடைய மூளையைப் படம் பிடித்துப் பார்த்தனர். இரண்டாம் பானையைப் போன்ற நிலையில், வாதுமைப் பருப்பு வடிவில் மூளையின் உட்புறம் அமைந்துள்ள அமிக்டலா என்னும் பகுதியும், கண்குழிகளுக்கு மேலே அமைந்துள்ள முன்மூளைப் பகுதியும் கூடுதலாக வேலை செய்தன. அமிக்டலா ஆபத்தை மோப்பம் பிடிக்கும் காவற்காரன் என்பது முன்பே அறிந்த செய்தி. ஆக, தெரியாததைக் கண்டு நெஞ்சு துணுக்குறுவது பெண்ணின் கோழைத்தனமும் அன்று, மாணவியின் சோம்பலும் அன்று. மனித மூளையின் அமைப்பே அப்படிப்பட்டது.

கல்லுக்கு அடியில் பாம்பு

2016ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று நம்மை மிகவும் கவர்ந்தது. 45 பேரைக் கணிப்பொறியின் முன் அமர்த்தி ஒரு விளையாட்டு ஆடச் செய்தனர். திரையில் கற்கள் தோன்றும். அந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்குமா, இராதா என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சிறு மின்னதிர்ச்சி தரப்படும். எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு அடிக்கடி இருக்கிறது என்பதும் ஆட்டத்தின் நடுவே மாறிக்கொண்டே இருக்கும். ஆடுபவர்களின் வியர்வையையும் கண்மணி விரிவையும் அளந்து, அவர்கள் எப்போது மிகவும் தவிக்கிறார்கள் என்று கணக்கிட்டனர்.

அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தபோதுதானே தவிப்பு உச்சத்தில் இருக்க வேண்டும்? அதுதான் இல்லை! வருவதும் வராததும் சரிபாதி என்ற நிலையில்தான் தவிப்பு உச்சத்தை எட்டியது. "தோற்றுவிட்டாய்" என்று நேரே சொல்லிவிட்டால் அழுது முடித்துவிடுவோம். முடிவு வரப்போகிறது, ஆனால் இன்னும் வரவில்லை என்ற அந்த ஒரு மணி நேரம்தான் நம்மை வாட்டுகிறது. தேர்வு முடிவு நாளின் காலைப்பொழுதை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவ்வாராய்ச்சி இன்னுமொரு செய்தியையும் கூறுகிறது. எவருடைய தவிப்பு நிலைமையின் நிச்சயமின்மைக்குச் சரியான அளவில் ஏறியும் இறங்கியும் வந்ததோ, அவர்களே பாம்பு இருக்கும் கல்லை நன்றாக ஊகித்தனர். அதாவது, பொருத்தமான இடத்தில் பொருத்தமான அளவில் தவிக்கத் தெரிந்த உடல் நமக்கு எதிரியன்று. "இங்கே உனக்கு இன்னும் போதிய செய்தி கிட்டவில்லை, கவனி" என்று சொல்லும் தோழி அது. படபடப்பு வந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு முடிவை வேறொருவரிடம் தள்ளிவிடுகிறோமே, அதுதான் பிழை.

உணர்ச்சி இல்லாத மனிதர்

இனி, "உணர்ச்சிவசப்படுகிறவள்" என்ற முதற்குற்றச்சாட்டுக்கு வருவோம். நல்ல முடிவுக்கு உணர்ச்சியே ஆகாது, அறிவு மட்டுமே வேண்டும் என்று பலரும் நம்புகின்றனர். அப்படியானால், உணர்ச்சி குன்றி அறிவு மட்டும் மிஞ்சிய ஒருவர் உலகிலேயே சிறந்த முடிவுகளை எடுக்க வேண்டும் அல்லவா? அத்தகையவர்களை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் இரயில் பாதை போடும் வேலையில் வெடிமருந்து வெடித்து, பினியாஸ் கேஜ் என்னும் மேற்பார்வையாளரின் கன்னத்தின் வழியே புகுந்த இரும்புக்கோல் மண்டையைப் பிளந்துகொண்டு வெளியேறியது. அவர் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் பொறுப்பும் நிதானமும் நிறைந்தவர் என்று பெயர் பெற்றிருந்தவர், விபத்துக்குப் பின் எடுத்த முடிவில் நில்லாதவராக மாறிவிட்டதாக அவருடைய மருத்துவர் குறித்து வைத்தார். பிற்காலத்தில் அவர் சிலி நாட்டிற்குச் சென்று சில ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மூளை ஓரளவு தேறிக்கொள்ளவும் கூடும்.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அன்டோனியோ டமாசியோ என்னும் நரம்பியல் மருத்துவர், முன்மூளையின் அதே போன்ற பகுதியில் சேதமடைந்த நோயாளிகளை ஆராய்ந்தார். அவர்களுடைய அறிவுத்திறன் குறையவில்லை. நினைவாற்றல் குறையவில்லை. குறைந்தது உணர்ச்சி. அவர்களுள் ஒருவர் ஒரு குளிர்கால நாளில் பனி உறைந்து வழுக்கும் சாலையில் தாமே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பனியில் வண்டி வழுக்கியதும் மற்றவர்கள் பதறிப்போய்த் தடையை அழுத்தித் தடம் புரண்டபோது, இவர் சிறிதும் பதறாமல் சரியாக ஓட்டி வந்து சேர்ந்தார். உணர்ச்சி இல்லாதது அங்கே நன்மையாயிற்று. மறுநாள் டமாசியோ அவரிடம், அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்டார். அவர் நாட்குறிப்பைப் புரட்டி, இந்தத் தேதிக்கு இன்ன காரணம், அந்தத் தேதிக்கு இன்ன காரணம் என்று ஏறத்தாழ அரைமணி நேரம் அடுக்கிக்கொண்டே போனாராம்! முடிவுக்கு மட்டும் வரவில்லை. இறுதியில் மருத்துவரே ஒரு தேதியைச் சொன்னதும் உடனே ஒப்புக்கொண்டு எழுந்து போய்விட்டார். காரணங்களை எடைபோடத் தெரிந்தது, ஆனால் "போதும், இதுவே" என்று நிறுத்துவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

டமாசியோவின் குழுவினர் 1994ஆம் ஆண்டில் ஒரு சீட்டாட்டத்தை வகுத்தனர். நான்கு சீட்டுக்கட்டுகள். இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் வரவு, ஆனால் இடையிடையே பெருநட்டம். மற்ற இரண்டு கட்டுகளில் சீட்டுக்கு 50 டாலர்தான், ஆனால் நட்டமும் சிறிது. கூட்டிக் கழித்தால் முதல் இரண்டு கட்டுகளும் ஆளைக் கவிழ்த்துவிடும். ஆடுபவர்களுக்கு இது சொல்லப்படுவதில்லை. நலமுடைய மூளை உள்ளவர்கள் சில சீட்டுகள் எடுத்த பிறகு, கெட்ட கட்டை நோக்கிக் கை நீளும்போதே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது. "எது கெட்ட கட்டு?" என்று கேட்டால் அவர்களால் அப்போது சொல்ல முடியவில்லை. முன்மூளை சேதமுற்றவர்களுக்கோ அந்த வியர்வையே வரவில்லை. எது கெட்ட கட்டு என்று சொல்லத் தெரிந்துகொண்ட பிறகும்கூட அவர்களில் சிலர் அதையே எடுத்தனர்.

2004ஆம் ஆண்டில் வேறு சில ஆராய்ச்சியாளர்கள் இதே ஆட்டத்தைத் திரும்ப நடத்தி, ஆடுபவர்களிடம் நுணுக்கமாகக் கேள்வி கேட்டபோது, அவர்கள் தாமறிந்தே நல்ல கட்டை எடுத்ததாகத் தெரிந்தது. ஆகவே, உள்ளங்கைதான் முதலில் அறிகிறதா, உள்ளம் முதலில் அறிகிறதா என்ற வழக்கில் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. உணர்ச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் நல்லறிவு மிஞ்சுவதில்லை. "உணர்ச்சியுள்ளவள், அதனால் முடிவு எடுக்கத் தகுதியற்றவள்" என்ற வாதம் இத்துடன் விழுந்துவிடுகிறது. உணர்ச்சியை அடக்குவது எப்படி என்பதன்று நாம் கற்க வேண்டியது. அது என்ன சொல்ல வருகிறது என்று விசாரிப்பதையே கற்க வேண்டும்.

பின்புத்தி யாருக்கு?

இப்போது நம் பழமொழிக்குத் திரும்புவோம். 1990களில் சுவிட்சர்லாந்தின் ஃபிரைபூர்க் நகரில் வுல்ஃபிராம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர், குரங்குகளின் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்து வந்தார். எதிர்பாராமல் ஒரு துளிப் பழச்சாறு நாவில் விழுந்ததும் அந்த நரம்பணுக்கள் துள்ளின. பிறகு, ஒரு சிறு விளக்கு எரிந்தால் சற்று நேரத்தில் சாறு வரும் என்று குரங்குக்குப் பழக்கப்படுத்தினார். பழகிய பின்னர், விளக்கைக் கண்டதும் துள்ளல். சாறு வந்தபோது ஒன்றுமில்லை! எதிர்பார்த்தது வந்தது, அவ்வளவே. ஒருநாள் விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் நரம்பணுக்கள் அடங்கி ஒடுங்கின. 1997ஆம் ஆண்டில் பீட்டர் தயான், ரீட் மாண்டேகு ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட விளக்கம் இதுதான்: அந்த நரம்பணுக்கள் சொல்வது இன்பத்தின் அளவையன்று. "நீ எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இவ்வளவு வேறுபாடு" என்ற கணக்கையே சொல்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டே அடுத்த எதிர்பார்ப்பு திருத்தப்படுகிறது.

சிந்தித்துப் பாருங்கள், தோழியரே! எதிர்பார்ப்பது, நடப்பதைப் பார்ப்பது, தவற்றை அறிவது, திருத்திக்கொள்வது என்ற இந்தச் சுழற்சிக்கு வேறு பெயர் என்ன? பின்புத்திதான்! ஆணுக்கும் அதுவே, பெண்ணுக்கும் அதுவே, குரங்குக்கும் அதுவே. பின்புத்தி சேர்ந்து சேர்ந்துதான் முன்புத்தி ஆகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தானே ஒன்றை எதிர்பார்த்தவருக்குத்தான் அந்த வேறுபாடு தெரியும். சித்தப்பா தேர்ந்தெடுத்த பிரிவு நமக்குப் பொருந்தாமற்போனால், நாம் கற்பது "சித்தப்பா தவறிவிட்டார்" என்பதை மட்டுமே. நம்முடைய கணக்கு நோட்டில் எந்த வரியும் திருத்தப்படுவதில்லை.

வயதின் குற்றம்

"இந்த வயதில் உனக்கு என்ன தெரியும்?" என்ற இரண்டாம் கூற்றில் உண்மை உண்டு என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்வோம். நெற்றிக்குப் பின்னே இருக்கும் முன்மூளை முழு முதிர்ச்சி அடைய இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், கார் ஓட்டும் கணிப்பொறி விளையாட்டு ஒன்றை மூன்று வயதினருக்குத் தந்தனர். எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவு புள்ளி. ஆனால் எந்தக் கணத்திலும் சிவப்பு விளக்கு எரிந்து வண்டி மோதக்கூடும். தனியே ஆடியபோது மூன்று வயதினருக்கும் பெரிய வேறுபாடில்லை. நண்பர்கள் அருகில் இருந்தபோதோ, 13 முதல் 16 வயதினர் ஏறத்தாழ இருமடங்கு துணிந்தனர். 24 வயதைக் கடந்தவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. தோழி எடுத்த பிரிவை எடுத்த நம்மிருவர் இங்கே சற்றுத் தலைகுனியலாம்!

ஆனால் 2012ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி பெற்றோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. 12 முதல் 17 வயதுடையவர்களையும் 30 முதல் 50 வயதுடையவர்களையும் அந்த இரு பானைகளைப் போன்ற சோதனைக்கு உட்படுத்தினர். அபாயத்தின் அளவு இன்னது என்று தெளிவாகச் சொல்லப்பட்டபோது, இளையவர்கள் பெரியவர்களைக் காட்டிலும் எச்சரிக்கையாகவே இருந்தனர்! அளவு சொல்லப்படாமல் மறைக்கப்பட்டபோதுதான் இளையவர்கள், "என்னதான் இருக்கும், பார்ப்போமே" என்று துணிந்து இறங்கினர். இதன் பொருள் என்ன? இளமை ஆபத்தை விரும்பவில்லை. தெரியாததை விரும்புகிறது. அப்படியானால், "அதெல்லாம் உனக்கு எதற்கு? வேண்டாம் என்றால் வேண்டாம்" என்று கதவை மூடும் பெற்றோர், தம் பிள்ளைக்கு இரண்டாம் பானையைத் தாமே எடுத்துக் கொடுக்கின்றனர். உள்ளே என்ன இருக்கிறது என்று உட்காரவைத்துச் சொல்லும் பெற்றோரோ முதற்பானையைக் கொடுக்கின்றனர். எது பாதுகாப்பு என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

"உங்கள் இஷ்டம், அப்பா"

நம்மை மிகவும் வருத்தும் செய்திக்கு வருகிறோம். 1967ஆம் ஆண்டில் செலிக்மன், மையர் என்னும் இரு அமெரிக்க உளவியலார் நாய்களிடம் நடத்திய சோதனையைப் படிக்கும்போது மனம் கசிகிறது. தாம் என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பல, பிறகு எளிதில் தப்பிச் செல்ல வழியிருந்தும் தப்ப முயலாமல் படுத்துக் கிடந்தன. இயலாமையை அவை கற்றுக்கொண்டன என்று அன்று விளக்கம் கூறினர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2016ஆம் ஆண்டில், அதே இருவர் தம் விளக்கம் தலைகீழானது என்று தாமே எழுதினர். நீண்ட துன்பத்தில் செயலற்றுப் படுத்துவிடுவது மூளையின் இயல்பான எதிர்வினையாம். கற்றுக்கொள்ள வேண்டியது இயலாமையை அன்று. "என் செயலால் இது மாறும்" என்ற உணர்வையே கற்க வேண்டும். அதைக் கற்பது முன்மூளை. ஒருமுறை தன் முயற்சியால் துன்பத்தை நிறுத்திப் பழகிய எலி, பிறகு தன்னால் நிறுத்த முடியாத துன்பம் வந்தபோதும் முற்றிலும் தளர்ந்துவிடவில்லை என்பதை மையரின் குழுவினர் 2006ஆம் ஆண்டில் காட்டியிருந்தனர். தம் பழைய கொள்கையைத் தாமே திருத்திக்கொண்ட அவ்விருவரின் பின்புத்தியையும் வணங்குகிறோம்.

எலியின் செய்தியை அப்படியே மனிதர்மேல் ஏற்றிவிடக் கூடாது என்பதை அறிவோம். ஆயினும் நம் வீடுகளைப் பார்க்கும்போது அந்தச் செய்தி நினைவுக்கு வராமற்போகுமா? காலணியின் நிறம் முதல் கல்லூரியின் பெயர் வரை எதையும் தானே தேர்ந்தெடுக்காமல் ஒரு பெண் வளர்கிறாள். "அடக்கமான பெண்" என்று ஊர் மெச்சுகிறது. பிறகு ஒரு மாலையில் அவள் கையில் ஒரு புகைப்படத்தைத் தருகிறார்கள். "நன்றாகப் பார்த்துச் சொல், பிடித்திருக்கிறதா? உன் சம்மதம்தான் முக்கியம்." பதினெட்டு ஆண்டுகள் பயன்படுத்த விடாத ஓர் ஆற்றலை, வாழ்நாள் முழுவதும் தொடரும் முடிவுக்காக, ஓர் இரவுக்குள் எடுத்து வரச் சொல்கிறார்கள்! அவள் தலைகுனிந்து, "உங்கள் இஷ்டம், அப்பா" என்கிறாள். அது சம்மதமா? கல்லுக்கு அடியில் பாம்பு உண்டா இல்லையா என்று ஒருமுறையும் ஊகித்துப் பழகாதவள் வேறு என்ன சொல்வாள்? அவளுக்குப் பெயர் பின்புத்திக்காரி என்று ஆகிவிடுகிறது. அந்தப் பின்புத்திகூட அவளுக்கு வாய்க்கவில்லை என்பதே உண்மை.

நாம் வேண்டுவது

பெற்றோரே, பெரியோரே! எல்லா முடிவையும் எங்கள் கையில் விட்டுவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் வயதின் குறையை மேலே நாங்களே எழுதிவிட்டோம். சிறு முடிவுகளை இப்போதே கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். மாதம் 200 ரூபாய் கொடுத்து, இதற்குள் உன் செலவைப் பார்த்துக்கொள் என்று சொல்லுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்துபோனால் கடிந்துகொள்ளாதீர்கள், மேலும் கொடுக்கவும் செய்யாதீர்கள். மீதிப் பத்து நாட்கள் எங்களுக்குப் பாடம் சொல்லும். தவறினால் "அப்போதே சொன்னேனே" என்ற அம்பை எடுக்காமல், "நீ என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

எங்களுக்குச் செய்தி சொல்லும்போது இரண்டு பக்கமும் சொல்லுங்கள். 1981ஆம் ஆண்டில் ட்வெர்ஸ்கி, கானமன் என்னும் இரு அறிஞர்கள், ஒரு கொள்ளைநோயால் 600 பேர் இறக்கக்கூடும் என்று ஒரு கற்பனைக் கணக்கு வைத்தனர். "இந்த வழியில் 200 பேர் நிச்சயம் பிழைப்பர்" என்று சொன்னபோது நூற்றுக்கு 72 பேர் அதை ஏற்றனர். "இந்த வழியில் 400 பேர் நிச்சயம் இறப்பர்" என்று சொன்னபோது அதே வழியை ஏற்றவர்கள் 22 பேர் மட்டுமே! கணக்கு ஒன்றே, மாறியது சொல் மட்டுமே. "அந்தப் படிப்பில் பத்தில் மூன்று பேர் தோற்கிறார்கள்" என்று அச்சுறுத்தும்போது, "ஏழு பேர் தேறுகிறார்கள்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எது வேண்டாம் என்று நினைக்கிறீர்களோ அதைப் பற்றியும் முழுமையாகச் சொல்லுங்கள்.

ஆசிரியைகளிடமும் ஒரு விண்ணப்பம். பத்தாம் வகுப்பு முடிவுக்குப் பின் ஒரே வாரத்தில் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதைவிட, ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிரிவிலும் படிக்கும் அக்காமார்களை அழைத்து எங்களோடு பேசச் செய்யலாகாதா? அவர்கள் நன்மையை மட்டுமின்றி, தாங்கள் பட்ட பாட்டையும் சொல்லட்டும்.

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. முக்கியமான முடிவைத் தோழிகள் சூழ நின்று ஆரவாரம் செய்யும்போது எடுக்க வேண்டாம். தனியே ஓர் இரவு அதோடு இருந்துவிட்டு எடுப்போம். நெஞ்சு படபடத்தால், "எதைப் பற்றி எனக்கு இன்னும் தெரியவில்லை?" என்று அதையே கேட்போம். தெரிந்துகொள்ள முடிந்ததை விசாரித்துத் தெரிந்துகொள்வோம். எவ்வளவு விசாரித்தும் தெரியாதது சிறிது மிஞ்சும். அது மிஞ்சுகிறதே என்று முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால், இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தவித்தவரின் கதியே நமக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில், "நான் இதைத் தேர்ந்தெடுத்தேன், இது நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்" என்று தேதியிட்டு எழுதி வைப்போம். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், நம்மைவிட நல்ல ஆசிரியை நமக்குக் கிடைக்க மாட்டாள்.

வணிகவியல் எடுத்த நம் தோழி ஒருத்தி, வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றபோதும் தானே விசாரித்து எடுத்தாள். முதற்பருவத் தேர்வில் கணக்குப்பதிவியலில் தவறிவிட்டாள். "பார்த்தாயா, பெண்புத்தி!" என்றார்களாம் வீட்டில். அவள் சிரித்துக்கொண்டே, "ஆமாம், இப்போதுதான் பின்புத்தி வந்திருக்கிறது. அடுத்த தேர்வுக்குள் அது முன்புத்தி ஆகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாளாம். அடுத்த தேர்வு இன்னும் வரவில்லை. அவள் வெல்வாளா, தோற்பாளா என்று நமக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? அந்தப் பிரிவு அவளுடையது, இனி வரும் மதிப்பெண்ணும் அவளுடையது.